மூடிய நிலையில் வைத்து அளந்து பாருங்கள்

எங்கள் உருக்காலையின் மின்பராமரிப்பு அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஃபர்னஸுக்கு மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் கொடுக்கும் பிரேக்கரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று பேஸில் ஒன்றான ஒய் பேஸின் பாட்டில், அதாவது கான்டாக்டுகளை உள்ளே வைத்திருக்கும் காற்றில்லாத பீங்கான் குடுவை, அவை பிரியும்போது எழும் ஆர்க்கை (மின்வில்லை) அணைக்கவில்லை. பின்னாலிருந்த பிரேக்கர் டிரிப் ஆகி ஆலையே இருண்டது. மறுநாள் காலை, பராமரிப்பு முறையாக நடந்ததாக லாக்புக்கில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். நான் போடவில்லை. இருபது வருட வேலையில் நான் கையெழுத்துப் போட மறுத்தது அன்றுதான்.

கடைசி மூன்று ஷட்டவுனில் என்ன செய்தோம்? பீங்கானைத் துடைத்தோம், மெக்கானிசத்துக்கு கிரீஸ் வைத்தோம். கான்டாக்ட் தேய்மானத்தை அளக்க அரை மணி நேரம் கேட்டேன்; உற்பத்தி காத்திருக்கிறது என்றீர்கள். பாட்டிலை மாற்றும் முன் பிரேக்கரை மூடிய நிலையில் வைத்துப் பார்த்தேன். கான்டாக்ட் தேயத் தேய அதன் தண்டு பாட்டிலுக்குள் நகரும்; தண்டிலுள்ள தேய்மானக் குறி உள்ளே போய் மறைந்திருந்தது. கையேட்டில் உள்ள 3 மில்லிமீட்டர் வரம்பு எப்போது தாண்டியதோ, யாரும் பார்க்கவில்லை.

உள்ளே காற்றில்லை, அதனால் கான்டாக்ட் கெடாது என்று கூட்டத்தில் சொன்னார்கள். காற்றில்லாததால்தான் அந்த ஆர்க் கான்டாக்டின் உலோகத்தையே ஆவியாக்கி எரிகிறது. கேத்தோடின் (எதிர்முனைக் கான்டாக்டின்) மேல் ஆர்க்கின் நுண்ணிய புள்ளிகள் ஓடும்; செம்பில் ஒரு புள்ளி தாங்குவது ஏறக்குறைய 100 ஆம்பியர். 1,000 ஆம்பியரை வெட்டினால் பத்துப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு குழியைத் தோண்டி, உருகிய துளிகளைத் தெறிக்கவிட்டு நகரும். ஷார்ட் சர்க்யூட் வந்தால் ஆர்க் ஓரிடத்தில் குவிந்து ஆனோடும் (நேர்முனைக் கான்டாக்டும்) உருகக்கூடும். அப்போது ஒரே தடவையில் போகும் உலோகம் மிக அதிகம்.

சாதாரண ஃபீடர் பிரேக்கர் மாதத்துக்குச் சில தடவை இயங்கும். நம்முடையது ஒரு நாளைக்கு 40 தடவை, வருடத்துக்கு 12,000க்கு மேல். இரண்டுக்கும் ஒரே பராமரிப்பு அட்டவணை போட்டது யார்? புதிய அலுவலகக் கட்டடத்துக்குப் பணம் வந்தது. உதிரி பாட்டில் கேட்ட கடிதத்துக்குப் பதில்கூட வரவில்லை. அன்றிரவு ஃபர்னஸில் உருகிய இரும்பு இருந்தது; இருட்டில் அதன் பக்கத்தில் நின்றவர்கள் எங்கள் ஆட்கள்.

கோபத்தில் சற்று அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு ஷட்டவுனிலும் மூன்று பேஸிலும் தேய்மானத்தை அளந்து, அளவை எழுதி வையுங்கள். வரம்பைத் தொட்ட பாட்டிலை மாற்றுங்கள். அடுத்த ஷட்டவுனில் அந்த அரை மணி நேரத்தைத் தயவுசெய்து ஒதுக்கித் தாருங்கள். அளந்த எண் லாக்புக்கில் இருந்தால் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் மின்பணியாளர்