தடுக்கிறவனுக்குப் பத்து நொடி கொடுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் விதிகளை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். தடுக்கும் அணிக்கு ஆள் மாற்ற நேரம் கேட்கும் இந்தக் கடிதத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம். அனுப்பிய பிறகும் மனசு ஆறவில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று பட்டது. மீதியைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். இங்கே குடியேறிய நம் வீட்டுப் பிள்ளைகளும் இந்த ஆட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

என் மகன் ஒரு சின்னக் கல்லூரியில் டிஃபென்சிவ் டேக்கிள். பந்தை வைத்திருக்கும் அணியைத் தடுக்க, பந்துக்கு நேர் எதிரே, நடுவரிசையில், குனிந்து ஒரு கையை மண்ணில் ஊன்றி நிற்கிறவன். டிவியில் அவன் இடத்தில் விளையாடுகிறவர்கள் முகம் தெரியாது. முதுகுதான் தெரியும்.

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மூன்றாவது குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதி. எதிரணி ஹடில் போடாமல், அதாவது கூடி நின்று திட்டம் பேசாமல், வேக ஆட்டம் ஆடியது. ஒரு ப்ளே, அதாவது ஒரு முயற்சி, முடிந்ததும் ஓடிவந்து வரிசையில் நின்று, நடுவர் பந்தை வைத்துக் கையை எடுத்ததும் அடுத்த ஸ்னாப். பந்தைப் பின்னால் கொடுத்து அடுத்த முயற்சியைத் தொடங்குவதுதான் ஸ்னாப். பதின்மூன்று ப்ளே. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஒருமுறைகூட அவர்கள் ஆள் மாற்றவில்லை. தாக்கும் அணி ஆள் மாற்றினால்தான் நடுவர் பந்துமேல் நின்று தடுக்கும் அணிக்கும் நேரம் கொடுப்பார் என்பது நீங்கள் எழுதிய விதி. அவர்கள் மாற்றாதவரை எங்கள் பையன்களுக்கு வெளியே வர வழியில்லை.

ஒன்பதாவது ப்ளேயின்போது மகனுக்கு மாற்றாக இறங்க வேண்டிய பையன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்துவிட்டான். பயிற்சியாளர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஸ்னாப் நேரத்தில் பதினோரு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர் நின்றால் ஐந்து யார்டு அபராதமாகப் போய்விடும். அடுத்த ப்ளே முடிந்து, பந்தை வைத்த பிறகுதான் என் மகனுக்குக் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் காலை உதறினான், முழங்காலில் கை வைத்தான், பெஞ்சைப் பார்த்தான். கீழே உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 2025இல் நீங்கள் கொண்டுவந்த விதிப்படி, பந்தை வைத்த பிறகு ஒருவன் அடிபட்டதாகக் கீழே விழுந்தால் அவன் அணி கேட்டு வாங்கக்கூடிய இடைநிறுத்தமான டைம் அவுட் ஒன்று போகும். டைம் அவுட் மிச்சமில்லை என்றால் ஐந்து யார்டு அபராதம். எங்கள் அணியிடம் மிச்சமில்லை. அவன் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுக் குனிந்து நின்றான். அடுத்த ப்ளேயில் பக்கவாட்டிலிருந்து வந்த கார்டு என்ற எதிரணி வரிசைக்காரன் அவனைத் தள்ளியபோது அவனால் காலை மாற்றி ஊன்ற முடியவில்லை. முழங்காலின் உள்பக்கத் தசைநார் கிழிந்தது. அவனுக்கு இந்தப் பருவம் அத்தோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன், "ஏம்ப்பா, உட்கார்ந்திருக்கலாமே?" என்று. "ஃபைவ் யார்ட்ஸ் போயிருக்கும்ப்பா" என்றான். பத்தொன்பது வயசுப் பையன். தன் முழங்காலையும் ஐந்து யார்டையும் அந்த ஒரு நொடியில் எடைபோட்டுப் பார்த்திருக்கிறான்.

அந்த விதி ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வேக ஆட்டத்தை நிறுத்துவதற்காகவே சிலர் பொய்யாக விழுந்தார்கள். அசிங்கமான பழக்கம் அது, ஒழிய வேண்டியதுதான். ஆனால் பொய்யாக விழுகிறவன் ஏன் விழுந்தான்? ஆள் மாற்ற வேறு வழியே இல்லாததால்தானே? அந்த வழியைத் திறந்துவிடாமல் விழுவதற்கு மட்டும் தண்டனை வைத்தீர்கள். பொய்யாக விழுந்தவனோடு சேர்ந்து, நிஜமாக வலிக்கிறவனும் இப்போது எழுந்து நிற்கிறான்.

நான் கேட்பது ஒன்றுதான். தாக்கும் அணி ஆள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், ஒவ்வொரு ஸ்னாப்புக்கு முன்னும் தடுக்கும் அணி ஆள் மாற்றிக்கொள்ளப் பத்து நொடி கொடுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2014 பிப்ரவரியில் உங்கள் குழுவே முன்வைத்த யோசனை. ஒரு ப்ளே முடிந்து அடுத்த ஸ்னாப்புக்குள் ஓடும் நாற்பது நொடிக் கடிகாரத்தில் முதல் பத்து நொடி கழியும்வரை ஸ்னாப் கூடாது, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் விலக்கு என்று எழுதியிருந்தீர்கள். அப்போதைய பயிற்சியாளர்களான அலபாமாவின் நிக் சேபனும் அர்கன்சாவின் பிரெட் பீலெமாவும் ஆதரித்தார்கள். வேக ஆட்டப் பயிற்சியாளர்கள் கொதித்தெழுந்தார்கள், மருத்துவச் சான்று எங்கே என்று கேட்டார்கள். மார்ச்சில் யோசனையைக் கிடப்பில் போட்டீர்கள். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அந்த யோசனையோடு நீங்கள் சொன்ன ஒரு காரணத்தை நினைவுபடுத்துகிறேன். வேக ஆட்ட அணிகள்கூட, கடிகாரத்தில் முப்பது நொடிக்குமேல் மிச்சம் இருக்கும்போது ஸ்னாப் செய்வது அபூர்வம் என்றீர்கள். அப்படியானால் பத்து நொடி கொடுப்பதால் அவர்களுக்கு என்ன நஷ்டம்? அபூர்வமாகச் செய்வதை அபூர்வமாகவும் செய்யாமல் விடுவார்கள், அவ்வளவுதான். தடுக்கிறவனுக்கோ அது எல்லா ப்ளேக்கும் ஒரு உறுதி. வெளியே ஓடலாம், பன்னிரண்டாவது ஆளாக மாட்ட மாட்டோம் என்று தெரியும்.

தாக்கும் வரிசைக்காரர்களும்தானே மூச்சுவாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். வாங்குகிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஸ்னாப் எப்போது என்று தெரியும், எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று தெரியும். களைத்துப்போனால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், கடிகாரம் அவர்கள் கையில். தடுக்கிறவன் அவர்கள் அசைந்த பிறகுதான் அசைய முடியும். தப்பான பக்கம் ஓடி, திரும்பி, மறுபடி ஓடுவான். என் மகன் எடை நூற்று முப்பது கிலோ. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பதின்மூன்று தடவை அப்படி ஓட வேண்டும்.

நான் அதிரடி ஆட்டத்துக்கு எதிரி இல்லை. 2016 அக்டோபரில் லபக் நகரில் ஓக்லஹோமா 66, டெக்சஸ் டெக் 59 என்று முடிந்த ஆட்டத்தை ராத்திரி முழுக்கக் கண் கொட்டாமல் பார்த்தவன் நான். டெக்சஸ் டெக்கின் பேட்ரிக் மஹோம்ஸ் 734 யார்டு எறிந்தார், ஆனாலும் தோற்றார். இரண்டு அணியும் தலா 854 யார்டு முன்னேறின. அதுவும் ஆட்டம்தான், மறுக்கவில்லை.

ஆனால் 2011 நவம்பர் 5ஆம் தேதி டஸ்கலூசாவில் எல்.எஸ்.யூ.வும் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அலபாமாவும் மோதியது என் மனசைவிட்டு இன்றுவரை போகவில்லை. முதல் இரண்டு இடத்தில் இருந்த அணிகள். கூடுதல் நேரம்வரை போய் எல்.எஸ்.யூ. 9க்கு 6 என்று ஜெயித்தது. பந்தைக் கோல்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை. நாலாவது குவார்ட்டரில் 6க்கு 6 என்று நிற்கும்போது அலபாமா ஒரு தந்திரம் செய்தது. பந்தைப் பிடிக்கிறவரான மார்க்விஸ் மேஸே தூக்கி எறிந்தார். கோல்கோட்டுக்கு அருகே, பந்தும் பிடிக்கிற வரிசைக்காரரான டைட் எண்ட் மைக்கேல் வில்லியம்ஸ் அதைக் கையில் வாங்கிவிட்டார். கூடவே எழும்பிய எல்.எஸ்.யூ.வின் எரிக் ரீட், இருவரும் தரையில் விழுவதற்குள் அந்தக் கைகளுக்குள்ளிருந்து பந்தைப் பிடுங்கித் தன்னுடையதாக்கினார். எல்.எஸ்.யூ.வின் ஒரு யார்டு கோட்டில். அங்கிருந்து அதே அணியின் பிராட் விங் 73 யார்டு பன்ட் அடித்தார், அதாவது பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்தார். ஒரு புள்ளியும் ஏறாத அந்தச் சில நிமிடங்களை நான் எத்தனை தடவை திரும்பப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. என் மகனுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததே அந்த வீடியோவை வைத்துத்தான்.

நல்ல தடுப்பு வெறும் பலத்தால் வருவதில்லை. ஆள் சுழற்சியில் வருகிறது. 2021இல் ஜார்ஜியா கோப்பையை வென்றபோது ஜோர்டன் டேவிஸ், டிவான்டே வயட், ஜேலன் கார்ட்டர் மூவரையும் நடுவரிசையில் மாற்றி மாற்றி இறக்கினார்கள். மூவருமே பின்னால் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆள் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். 2024 ஜனவரியில், பாஸ் ஆட்டத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த வாஷிங்டனை மிஷிகன் 13 புள்ளியில் நிறுத்தியதற்கும் களைக்காத முன்வரிசை ஒரு பெரிய காரணம். அந்த அணிகளுக்கு ஆள்பலம் உண்டு, எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஸ்காலர்ஷிப் இல்லாமல், காலையில் வகுப்புக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் பையன்களை வைத்து ஆடும் கல்லூரிகள் என்ன செய்யும்? வேக ஆட்டம் சின்ன அணிகளின் ஆயுதம் என்று சொல்வார்கள். சரி, அந்த ஆயுதத்தின் எதிரே நிற்பதும் பெரும்பாலும் இன்னொரு சின்ன அணிதான்.

விதி எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி ஆட்டத்தில் பாஸ் எறியும்போது தாக்கும் வரிசைக்காரன் மூன்று யார்டுவரை முன்னால் போகலாம். என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். அந்த இரண்டு யார்டில்தான், தடுக்கும் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஏமாறுகிறான். எதிரே வரிசைக்காரன் முன்னேறி வருவதைப் பார்த்து, ஓட்டம் என்று நம்பி இறங்குகிறான். பந்து அவன் தலைக்குமேல் போகிறது. 2015இல் ஒரு யார்டாக்கும் யோசனை வந்தது, நிறைவேறவில்லை. தலையில் மோதுகிறவனை 2013இலிருந்து வெளியேற்றுகிறீர்கள். அதை முழுமனதோடு வரவேற்கிறேன், தலை தலைதான். ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது தடுக்கிறவன் எப்போதும் தண்டிக்கப்படுகிறவனாகவே இருக்கிறான். அவன் உடம்பையும் ஒரு தடவையாவது பாதுகாக்க வேண்டிய பொருளாகப் பாருங்கள்.

பரிசுகளும் இப்படித்தான். 2009 டிசம்பரில் நெப்ராஸ்காவின் என்டமுகாங் சூ, டெக்சஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலரை சாக் எடுத்தார், அதாவது பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை எறியும் முன்பே வீழ்த்தினார். குவார்ட்டர்பேக்கைத் துணிமாதிரி உதறிப்போட்டார். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசு வாக்கெடுப்பில் நாலாவது இடம். அந்தப் பரிசை 1935இலிருந்து கொடுக்கிறார்கள். முதன்மையாகத் தடுப்பில் ஆடி அதை வாங்கியவர் என்றால் 1997இன் சார்லஸ் வுட்சன். 2024இல் டிராவிஸ் ஹன்டர் வாங்கினார், அவர் இரண்டு பக்கமும் ஆடியவர். ஐயோவா 2022இல், உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்றும், எதிரணியை அதன் கோல் பகுதிக்குள்ளேயே மடக்கும் சேஃப்டி இரண்டும் எடுத்து 7க்கு 3 என்று ஜெயித்தபோது ஊரே சிரித்தது. அன்றைக்கு அந்தத் தடுப்பு அணி என்ன உழைப்பு உழைத்தது என்று எத்தனை பேர் எழுதினார்கள்? பாயின்ட் ஏறினால்தான் ஆட்டம் என்று டிவிக்காரர்கள் நினைக்கலாம், விளம்பரம் விற்கிறவர்கள் நினைக்கலாம்.

பரிசும் டிவியும் உங்கள் கையில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன், பேச்சு எங்கேயோ போய்விட்டது. மன்னியுங்கள். விதிப்புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது, அதற்குத் திரும்பிவருகிறேன்.

உங்களால் முடியாத காரியம் இல்லை. 1905இல் மாணவர்கள் மைதானத்திலேயே செத்தார்கள். அடுத்த வருஷமே விதியைத் திருத்தி, பந்தை முன்னால் எறியும் ஃபார்வர்டு பாஸை அனுமதித்தார்கள். இன்றைய அதிரடி ஆட்டமே உயிரைக் காக்கச் செய்த அந்தத் திருத்தத்திலிருந்து வந்ததுதான். 2018இல் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் எல்.எஸ்.யூ.வும் ஏழு கூடுதல் நேரம் ஆடி 74க்கு 72 என்று முடித்தபோது, பையன்களின் உடம்பு தாங்காது என்று உடனே கூடுதல் நேர விதியை மாற்றினீர்கள், 2021இல் இன்னும் சுருக்கினீர்கள். 2023இல், பத்து யார்டு முன்னேறி முதல் டவுன் கிடைத்ததும் கடிகாரத்தை நிறுத்தும் பழக்கத்தைப் பாதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் என்று குறைத்தீர்கள். அப்போதெல்லாம் கிடைத்த அக்கறை ஒரு டிஃபென்சிவ் டேக்கிளின் பத்து நொடிக்கும் கிடைக்கட்டும்.

தாழ்மையோடு மறுபடி கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் 2014இன் யோசனையை மேசைமேல் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ஸ்னாப்புக்கு முன்னும் தடுக்கும் அணிக்குப் பத்து நொடி. அது நிறைவேறும்வரை, பந்தை வைத்த பிறகு தசைப்பிடிப்பால் உட்காருகிறவனுக்கு அபராதம் போடாதீர்கள். வேண்டுமானால் நாலைந்து ப்ளே அவனை வெளியே உட்காரவையுங்கள். பொய் சொல்கிறவனுக்கு அது வலிக்கும், நிஜமாக வலிக்கிறவனுக்கு அதுதான் தேவை.

மருத்துவச் சான்று வேண்டும் என்றால் மகனின் ஸ்கேன் படத்தை அனுப்பத் தயாராக இருக்கிறேன். ஒரு பையனின் முழங்கால் ஆராய்ச்சி ஆகாது என்று தெரியும். ஆராய்ச்சியை நீங்கள் செய்யுங்கள், பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அவன் இப்போது கட்டோடு வராந்தாவில் உட்கார்ந்து அடுத்த பருவத்தின் ஆட்ட அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். செப்டம்பரில் திரும்ப இறங்குவேன் என்கிறான். அதற்குள் உங்கள் கூட்டம் நடந்திருக்கும்.

மரியாதையுடன்,
ஒரு டிஃபென்சிவ் டேக்கிளின் அப்பா