கண்ணாடியில் ஒட்டிய படங்கள்

கிளிநொச்சி,
ஆனி மாதம்.

அன்பு மகளுக்கு,

நீ போனில் திருத்தி அனுப்பிய அப்பம்மாவின் படம் கிடைத்தது. பளிச்சென்று இருக்கிறது. கீறல் இல்லை, கறை இல்லை, சேலைக்கரைகூடத் தெரிகிறது. கொண்டுபோய் உன் அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்துவிட்டு, "ஆரப்பா இந்த மனிசி?" என்று கேட்டா.

அப்பம்மாவுக்கு இடது கண் கொஞ்சம் சின்னது, உனக்கும் ஞாபகம் இருக்கும். சிரித்தால் அந்தக் கண் மூடியே போய்விடும். நீ அனுப்பிய படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு. மூலப்படத்தில் அவவின் முகம் பெருவிரல் நகத்தளவுதான். அதில் இல்லாத இமைமயிரையும் தோல்மடிப்பையும் அந்தச் செயலி எங்கிருந்து எடுக்கும்? தான் படித்த ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஒரு கண்ணை வரைந்து வைத்துவிட்டது. நான் அந்தச் சாமான்களுக்கு எதிரி இல்லை. தூசியும் கீறலும் எடுக்க நானும் அப்படிப்பட்டதைத்தான் பாவிக்கிறேன். முகத்தில் மட்டும் கைவைக்க விடுவதில்லை. நான் செய்த படத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன். மங்கல்தான், ஆனால் அது என் அம்மா. அதையே பிரேம் போடு.

குரல் பதிவில் நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இப்ப என்ன வேலை ஓடுகிறது, மற்றவர்களுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கிற நீங்கள் உங்கள் சொந்தப் பட வேலையை மட்டும் ஏன் இன்னும் ஒரு தளத்தில் போடவில்லை என்று. முதல் கேள்விக்குக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன்.

கலியாண வீடும் சாமத்திய வீடும் வழமைபோல. இப்போது ட்ரோன் இல்லாமல் ஒருத்தரும் வருவதில்லை. அடுத்த மாதம் ஆடி, கலியாணம் இருக்காது, அதனால் தள வேலைகளை இப்போதே இழுத்துப் போட்டிருக்கிறேன். சோளகம் தொடங்கிவிட்டது. வெளியில் லென்ஸ் மாற்றினால் அன்றைய பின்னேரம் முழுக்கத் தூசி துடைக்கிற வேலைதான்.

தள வேலையில் சொல்லக்கூடியது புதுக்குடியிருப்புப் பக்கம் பனையோலை பின்னுகிற பெண்கள் சிலருக்குச் செய்தது. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, அதோடு புழுக்கொடியல், பனங்கட்டி. வெளிநாட்டில் இருக்கிற சனம் பார்த்து ஓடர் பண்ண வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். பழைய துண்டுப்பிரசுரம் ஒன்றின் பைலைத் தந்தார்கள், எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. தளத்தில் ஒட்டினால் கீபோர்ட்டில் பூனை நடந்த மாதிரி ஆங்கில எழுத்தாக வரும். இப்போது எல்லாரும் பாவிக்கிற யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித்தர மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் முழுதாக நம்ப முடியாது. துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், அந்தக் காலத்தில் தட்டியவர்கள் ஒன்றுக்கு மற்றதைப் போட்டிருப்பார்கள். அச்சில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மாற்றியதும் சொல் நடுவில் அநாதையாக ஒரு கால் நிற்கும், கூகிளில் தேடினாலும் அந்தச் சொல் அகப்படாது. ஒவ்வொரு வரியாக இருந்து திருத்தினேன். உன் கூட்டத்தில் தமிழுக்குத் தளம் செய்கிறவர்கள் இருந்தால் இன்னொன்றும் சொல்லு: ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கு வைக்காதேயுங்கோ. மேல் வரியின் உகரச்சுழியும் கீழ்வரியின் இகரக்கொம்பும் ஒன்றோடொன்று முட்டும். 'தொடர்புகொள்ளவும்' என்று பட்டனில் எழுதினால் சின்னப் போனில் பாதி வெளியே போய்விடும். 'தொடர்பு' என்று போட்டால் போதும். முகவரியைத் தமிழிலேயே, டொட் இலங்கை என்று முடிகிற மாதிரி வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தட்டுவதற்குப் பயப்பட்டார்கள். சரி, டொட் எல்கே.

அந்தப் பெட்டிகளைப் படம் எடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கடைத் தளங்களைப் பார்த்துவிட்டு வெள்ளைப் பின்னணி வேண்டும் என்றார்கள். வெளிறிய ஓலையை வெள்ளையில் வைத்தால் பெட்டி கரைந்துபோகும். அவர்கள் பின்னுகிற கொட்டிலின் வாசலிலேயே, சாணி மெழுகிய நிலத்தில், காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரத்தில் வைத்து எடுத்தேன். ஓலை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகிற இடத்தில் மெல்லிய நிழல் விழுகிறது, பார்த்தாலே கைக்குத் தெரியும். ஒரு கடகத்தின் விளிம்பில் நாரைக் கட்டி முடித்த இடத்தில் சின்ன முடிச்சு. அதை அழித்துவிடச் சொன்னார் ஒருவர். பின்னிய அம்மா, "அது என்ர முடிச்சு, கிடக்கட்டும்" என்றார். கிடக்கிறது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கும் போனேன், வைகாசியில் நான் போகாமல் இருப்பேனா? காசுக்கு இல்லை. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கெரிக்கிறதை இந்த முறையும் எடுத்தேன். பிளாஷ் போடுவதில்லை. முன்னால் நிற்கிற பெடியள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிப்பதால், விளக்கைவிடப் போன் வெளிச்சம்தான் இப்போது கூட. பிழை சொல்ல முடியாது, என் கையிலும் கமரா இருக்கிறதே.

இனி இரண்டாவது கேள்வி.

சண்டை முடிந்து, 2010 அளவில் சனம் திரும்பிவரத் தொடங்கியபோது ஸ்ரூடியோவுக்கு முதலில் வந்தது அடையாள அட்டைப் படத்துக்கு. அது முடிந்து காசு தந்த பிறகு, போகாமல் நிற்பார்கள். அப்புறம் மடியிலிருந்து ஒரு சொப்பிங் பாக் வரும். அதற்குள் இன்னொன்று. அதற்குள் ஒரு படம். "இதைப் பெரிசாக்கித் தருவியளோ தம்பி?" கிளாலி, பூநகரி, மல்லாவி, மாத்தளன் என்று எங்கெங்கோ தூக்கித் திரிந்த படங்கள். சில வீடுகளில் ஒரு மனிசருக்கு மிஞ்சியது ஸ்டாம்ப் அளவு பள்ளிக்கூடப் படம் மட்டும்தான். பாதி கத்தரித்த படங்களும் வரும். பக்கத்தில் நின்றவர் என்ன உடுப்போடு நின்றார் என்று நான் கேட்பதில்லை, சனமும் சொல்வதில்லை. தோளில் ஒரு கை மட்டும் மிச்சமிருக்கும். அந்தக் கையை நான் அழிப்பதில்லை.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது, சண்டையில் தப்பின படங்கள் சட்டத்தோடு நனைந்தன. நனைந்த படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியில் ஒட்டி, அப்படியே காய்ந்துவிடும். அவசரப்பட்டுப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். இன்றைக்கும் அப்படி ஒட்டிய படங்கள் வருகின்றன. அவற்றைப் பிரிக்காமல் கண்ணாடியோடேயே எடுக்க வேண்டும். சட்டத்தை மேசையில் படுக்கவைத்து, கமராவை நேர்மேலே பூட்டி, இரண்டு பக்கமும் 45 பாகைச் சரிவில் விளக்கு. கமராவுக்கும் படத்துக்கும் நடுவே கறுப்புத்துணி, அதில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை. இல்லாவிட்டால் கண்ணாடியில் என் மூக்குத்தான் விழும். விளக்குகளுக்கு முன்னால் பளபளப்பை அடக்குகிற போலரைசர் தாள், லென்ஸிலும் ஒரு போலரைசர். லென்ஸில் உள்ளதைத் திருப்பிக்கொண்டு வர, ஒரு கட்டத்தில் பளபளப்பு முழுக்க அணைந்து கீழே கிடக்கிற முகம் மேலே வரும். பழைய கலர்ப் படம் என்றால் எல்லாரும் செங்கல் நிறமாக இருப்பார்கள், நீலச்சாயம் முதலில் போய்விடுவதால். அதைக் கணினியில் மீட்டுவிடலாம், அது பெரிய வித்தை இல்லை.

கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடி 2017 பெப்ரவரி 20 தொடங்கிய போராட்டத்தில் இருக்கிற அம்மாமார் சிலரும் வருகிறார்கள். வெயிலில் பிடித்துப் பிடித்துப் படம் வெளிறிப்போய், முகம் இருக்கிற இடம் தாள் நிறமாகிவிடும். லமினேட் பண்ணினாலும் வெயில் விடாது. இப்போது பிக்மென்ட் மையில் அடித்துக் கொடுக்கிறேன். அது சாய மையைவிடக் கனகாலம் நிற்கும். தாளுக்கும் மைக்கும் வருகிற காசைக்கூட வாங்க எனக்கு வாய் வருவதில்லை. அவர்களோ தராமல் போவதில்லை.

கலியாணப் படத்தில் இல்லாத தகப்பனை மணவறைக்குப் பக்கத்தில் சேர்த்துத் தரச் சொல்வார்கள். சேர்ப்பேன். வாழ்நாள் முழுக்கச் சாரத்தோடு கமம் செய்தவருக்குக் கோட்டுப் போட்டுவிடச் சொல்வார்கள். போடுவேன், பிள்ளைகளுக்குச் சந்தோசம். அப்ப இது பொய்யில்லையா, செயலியை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள் என்று நீ கேட்பாய். அந்த வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும், அவர் அந்த மணவறையில் நிற்கவில்லை என்று. ஆனால் முகத்தை மாற்றினால், பத்து வருசத்தில் மூல முகம் எது என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்தப் படங்களைத்தான் ஒரு தளமாக்கச் சொல்கிறாய், தேடுபொறி எல்லாம் வைத்து நீயே கட்டித்தருவதாகவும் சொல்கிறாய். சந்தோசம். ஆனால் நான் போடமாட்டேன்.

இணையத்தில் போட்ட படம் எங்கே போகும் என்று எனக்கும் உனக்கும் தெரியும். நாளைக்கு யாரோ ஒருவர் எடுத்துத் தன் பேஸ்புக் பக்கத்தில், தனக்கு வேண்டிய கதையைக் கீழே எழுதிப் போடுவார். இன்னொருவரின் இயந்திரம் அந்த முகங்களை அள்ளிக்கொண்டுபோய் வேறு யாருக்கோ கண் வரையும். "பெரிசாக்கித் தருவியளோ" என்று கேட்டுவந்த மனிசி அதற்கெல்லாம் சம்மதம் தரவில்லை. பாஸ்வேர்ட் போடலாம் என்பாய். அந்தப் பாஸ்வேர்ட் ஆரிடம் இருக்கும்? அதோடு, தளம் நிலையானது என்று தளம் செய்கிறவனிடம் சொல்லாதே. நான் முன்பு கட்டிக்கொடுத்த தளங்களில் பல இன்று திறக்காது. வாடிக்கையாளர் வருசக்காசு கட்ட மறப்பார், பெயர் போய்விடும், சேவரில் இருந்ததும் போய்விடும். சுவரில் கிடக்கிற படத்துக்கு வருசக்காசு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல பிரிண்ட், அதோடு முழு அளவுப் பைலை அவர்களின் போனுக்கே அனுப்பிவிடுகிறேன். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், டொக்கியுமென்ட்டாக அனுப்ப வேண்டும். இதைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுக்கிறேன். என்னிடம் ஒரு பிரதி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் அவர்களின் முன்னாலேயே அழிக்கிறேன்.

ஆனால் உனக்குத் தளம் கட்ட ஆசை என்றால் வேறு ஒன்று இருக்கிறது, அதற்கு எனக்கு ஆள் வேண்டும். நனைந்த படத்தை என்ன செய்வது என்று தமிழில் ஒரே ஒரு பக்கம். ஈரமான படத்தைச் சட்டத்தில் காயவிடக் கூடாது, காய்வதற்குள் வெளியே எடுக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்காமல் சுத்தமான குளிர்தண்ணீரில் ஊறவிட்டு மெல்லப் பிரிக்க வேண்டும். படப்பக்கத்தைத் துடைக்கக் கூடாது, முகம் மேலே பார்க்கத் துணியில் பரப்பி நிழலில் காயவைக்க வேண்டும். உடனே செய்ய நேரமில்லாவிட்டால் பையில் போட்டுப் பிரிட்ஜின் ஐஸ்பெட்டியில் வைத்துவிடலாம், பிறகு பார்க்கலாம். காய்ந்து ஒட்டிவிட்டால் தொடாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். இவ்வளவுதான் விசயம். படங்களை நானே எடுத்துவிட்டேன். ஸ்ரூடியோவில் பழுதாய்ப்போன பிரிண்டுகளை வாளித்தண்ணீரில் போட்டு, என் கைகளை வைத்தே. ஒருத்தரின் முகமும் அதில் இல்லை.

நீ செய்ய வேண்டியது, அந்த இணையப்பக்கம் சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் திறக்கிற மாதிரிப் பண்ணுவது. வெள்ளம் வந்தால் முதலில் போவது டவர்தான். ஒருமுறை திறந்தால் போனிலேயே தங்க வேண்டும், படங்களெல்லாம் சேர்த்து மிக மெல்லிசாக இருக்க வேண்டும், பட்டன் ஒன்றும் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் முடிந்தால் பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் கொடுத்துவிடலாம். எழுத்தை நான் இந்தக் கிழமை முடித்து அனுப்புகிறேன், நீ பார்த்துவிட்டு எங்கே விளங்கவில்லை என்று எழுது. நல்ல தமிழாக்கப் போகாதே, சனம் கதைக்கிற மாதிரி இருக்கட்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு அங்கிருந்து ஆராவது வந்தால் 77 மில்லிமீட்டர் போலரைசர் ஒன்று கொடுத்துவிடு, பழையதில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. சிலிக்கா பாக்கெட்டும் கொஞ்சம். சொக்லேட் வேண்டாம், அம்மாவுக்குச் சீனி கூடிவிட்டது. அவ கேட்டு உனக்குத் தனியாகச் செய்தி போட்டிருந்தாலும் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா