மாப்ள, அந்த கிளட்ச் வயர் விஷயம்

அன்புள்ள மாப்ள,

ஆடி பிறந்ததும் பையனைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, 2019இல் நாம் போன அதே வழியில் தனுஷ்கோடி போகப் போவதாக நீ போனில் சொன்னபோது, "சூப்பர்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். உன் பையன் அதே வண்டியில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடுவது நல்லது. நேரில் சொன்னால் அடிப்பாய், அதனால் கடிதம்.

சென்னையிலிருந்து மீமிசல் வரைக்கும் உனக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அது நீ ஓட்டிய பகுதி, நான் பின்னால் தூங்கிய பகுதி. எஸ்.பி.பட்டினத்தில் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. தொண்டியில் டீ குடித்துவிட்டு வந்தால் உப்பூர். அங்கே இருக்கும் சாமிக்குப் பெயரே வெயிலுகந்த விநாயகர். பிள்ளையாரே வெயிலை உகந்து உட்கார்ந்திருக்கும் ஊரில் ஹெல்மெட் சுடுகிறது என்று நீ புலம்பினாய். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ராமநாதபுரம் கேணிக்கரையில் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். அம்மா வைத்த மீன் குழம்பை நீ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டது அவர்களுக்கு இன்னும் பெருமை.

மறுநாள்தான் வினை. "பாம்பன் எங்க ஊர்ப் பாலம், நான்தான் ஓட்டுவேன்" என்று சாவியைப் பிடுங்கினேன். உண்மை என்னவென்றால், அந்தப் பாலத்தில் அதுவரை நான் பஸ்ஸில்தான் போயிருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் பாலத்தை வேடிக்கை பார்ப்பது வேறு, ஆடிக் காற்றில் இரண்டு சக்கரத்தில் போவது வேறு. 1988இல் திறந்த சாலைப் பாலம், நீளம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். மண்டபம் தாண்டும்போதே வண்டி லேசாக ஆடியது. பாலத்தில் ஏறியதும் வலப்பக்கம் மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த காற்று ஆளைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தது. நாம் மூட்டை மேல் கட்டியிருந்த தார்ப்பாய் பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டது.

காற்று ஒரே சீராக அடித்தால்கூடப் பயமில்லை, மாப்ள. வண்டியை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தே ஓட்டிக்கொண்டு போகலாம். எதிரே பஸ் வரும்போதுதான் சிக்கல். பஸ் நம்மைத் தாண்டும் அந்த ஒரு நொடி காற்றை மறைத்துவிடும். நாம் ஏற்கெனவே வலப்பக்கம் சாய்ந்திருப்பதால் வண்டி பஸ்ஸை நோக்கியே போகும். பதறித் திருப்புவதற்குள் பஸ் போய்விடும், காற்று மறுபடி அறைந்து கைப்பிடிச் சுவர்ப் பக்கம் தள்ளும். எனக்கு இரண்டு தடவை இப்படி ஆனது. நீயோ பின்னால் உட்கார்ந்து ஏதோ பழைய பாட்டை ஹம்மிங் செய்துகொண்டிருந்தாய்.

மேடு தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்தில் "ரயில் வருது, படம் எடுத்துக்கோ" என்று ஓரம் கட்டினேனே, அது படம் எடுப்பதற்காக இல்லை. என் முழங்கால் நடுங்கியது. அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்பது எனக்கும் தெரியும். எல்லோரும் நிறுத்துகிறார்கள் என்ற தைரியம்தான். நல்லவேளை, உண்மையிலேயே ஒரு ரயில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நீ செல்போனைத் தூக்கிக்கொண்டு முப்பது அடி முன்னால் போய்விட்டாய்.

நான் சைடு ஸ்டாண்டைப் போட்டேன். கியரில் போட மறந்துவிட்டேன். இறக்கம், நியூட்ரல், பின்னால் இருந்து தார்ப்பாயைத் தள்ளும் காற்று. வண்டி அரை அடி உருண்டது, ஸ்டாண்டு மடங்கியது, இடப்பக்கமாகப் போய் ஓரத் திட்டில் விழுந்தது. ரயில் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. எப்படித் தூக்கி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தால் கிளட்ச் லீவர் நுனி லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. கையால் இழுத்து நிமிர்த்தினேன், முக்கால்வாசி நிமிர்ந்தது. நீ திரும்பி வந்து "செமையா வந்திருக்கு பாரு" என்று படத்தைக் காட்டினாய். நானும் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்காதே.

ராமேஸ்வரத்தில் லெக் கார்டு கம்பியில் கீறலைப் பார்த்துவிட்டு "பார்க்கிங்கில் எவனோ உரசிட்டான்" என்று நீயே ஒரு காரணம் கண்டுபிடித்தாய். நான் ஆமாம் சாமி போட்டேன்.

அடுத்த நாள் தனுஷ்கோடி. அந்தச் சாலையை நாம் இருவரும் சேர்ந்தே பார்த்தோம், அதில் ஒளிவுமறைவு இல்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் கொண்டுபோன ஊரின் மிச்சச் சுவர்களுக்கு முன்னால் நீ ரொம்ப நேரம் பேசாமல் நின்றாய். அரிச்சல்முனையில் மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் குமுறிக்கொண்டிருக்க, பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

திரும்பும்போது தூத்துக்குடி வழியாகப் போகலாம் என்று கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்கிக்கொண்டு, ஏர்வாடி தாண்டிப் போனோம். சாயல்குடிக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும்போது கிளட்ச் வயர் அறுந்தது. சுற்றிலும் சீமைக் கருவேலம், தூரத்தில் கரி மூட்டத்தின் புகை, ஒரு ஈ காக்கை இல்லை. வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, நான் தள்ள, நீ முதல் கியரைத் தட்ட, நான் ஓடிவந்து தாவி ஏற வேண்டும். ஏறியாயிற்று என்று மூச்சு விடுவதற்குள் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வரும். மூன்று தடவை. மூன்றாவது தடவை நான் ஏறுவதற்குள் நீ போய்விட்டாய், நான் கையில் தொதல் டப்பாவோடு ரோட்டில் நின்றேன். வழி முழுக்க நீ உன் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வந்தாய். "கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாம் பார்த்துட்டேன்னு சொல்லிக் காசு வாங்கினான்" என்றாய்.

சாயல்குடியில் ஒரு வயசான மெக்கானிக் வயர் மாற்றினார். நீ எதிர்க்கடையில் கருப்பட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தாய். அவர் பழைய வயரை வெளியே உருவி என்னிடம் காட்டினார். லீவர் பக்கத்து நுனியில் இழை இழையாகப் பிரிந்து, கடைசி இரண்டு இழை மட்டும் புதுசாக மின்னியது. லீவரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, வண்டி எங்கயும் விழுந்துச்சா? லீவர் கோணிக்கிட்டு வயரை அறுத்திருக்கு."

"இல்லண்ணே" என்றேன்.

அவர் நம்பவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

சரி, இப்போது உன் பயணத்துக்கு வருகிறேன். பாலத்தில் நாற்பதுக்கு மேல் போகாதே, மூன்றாவது கியர் போதும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் டேங்கை முழங்காலால் கவ்விக்கொள். எதிரே பஸ்ஸைப் பார்த்தால் அது தாண்டும்வரை சாய்மானத்தைக் குறை. மூட்டை முடிச்சை ஒட்டக் கட்டு, எதுவும் படபடக்கக் கூடாது. தனுஷ்கோடிச் சாலையில் ஆடி மாதம் மணல் ஏறிக் கிடக்கும், முன் பிரேக்கைத் தொடாதே. பொழுது சாய்ந்தால் உள்ளே விடமாட்டார்கள், காலையிலேயே போய்விடு. அங்கிருந்து வந்ததும் செயினில் மணலும் உப்பும் போகத் துடைத்து ஆயில் விடு. ஏர்வாடி பக்கம் நிழலுக்காகக் கருவேல மரத்தடியில் வண்டியை இறக்காதே, முள் டயரில் ஏறினால் பத்து கிலோமீட்டர் கழித்துத்தான் தெரியும்.

பையன் ரயில் பாலத்தைப் பார்க்க ஆசைப்படுவான். நாம் பார்த்தது 1914இல் திறந்த பழைய பாலம், கப்பல் வந்தால் இரண்டு கை மாதிரித் தூக்கிக்கொள்ளும். அவன் பார்க்கப் போவது 2025 ஏப்ரலில் திறந்த புதுசு. நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் லிஃப்ட் மாதிரி அப்படியே செங்குத்தாக மேலே போகும். பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டேன். சரி, கேட்கமாட்டாய்.

லீவரை இன்னும் மாற்றவில்லை என்று நினைக்கிறேன். போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன், அதே வளைவு. மாற்று, காசு நான் தருகிறேன். அப்புறம் ஊருக்குத் திரும்பியதும் நீ சண்டை போட்டு விட்டுவந்தாயே அந்த மெக்கானிக், அவர் கடை இன்னும் அங்கேதான் இருக்கிறதா? வண்டியை அவரிடமே விடு. நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அவரிடம் நானே சொல்கிறேன்.

உன்,
பங்காளி