வெறுந்தரையிலிருந்து ஒரு கடிதம்

டேஜோன், தென்கொரியா

அன்புள்ள மாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் இப்போது தேவலை என்று படித்ததும் நிம்மதி. டொராண்டோவில் ஃபர்னஸ் ஊதும் சூட்டுக் காற்றில் உதடு வெடித்து, மூக்கு காய்ந்து கிடக்கிறாயாமே. போதாக்குறைக்கு "உங்க ஊர்ல தரையே சுடுமாமே, கால் பொசுங்காதா?" என்று ஒரு கேள்வி. பொசுங்காதடி. இதை வெறுந்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வெளியே மைனஸ் ஒன்பது.

இப்படித் தரையைச் சூடாக்கும் முறைக்கு இங்கே ஓண்டோல் என்று பெயர். பழைய வீடுகளில் அடுப்புப் புகை நேரே வெளியே போகாது. பக்கத்து அறையின் தரைக்கடியில், கற்பலகைகளுக்குக் கீழே வெட்டிய கால்வாய்களில் புகுந்து, மறுகோடிப் புகைபோக்கி வழியாகத்தான் போகும். சோறாக்கிய நெருப்பே படுக்கையையும் சூடாக்கிவிடும். அடுப்பை ஒட்டிய மூலையில்தான் சூடு அதிகம். பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் அந்த இடம். அப்பா வர நேரமானால் மூடி போட்ட வெண்கலக் கிண்ணத்தில் சோற்றை அங்கே வைத்துப் போர்வையால் மூடிவிடுவார்களாம், மாடி வீட்டுப் பாட்டி சொன்னார்.

விறகு போய், ஓட்டை போட்ட கரிக்கட்டி வந்த காலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பாட்டி முகம் மாறிவிடும். தரையில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியும். நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ராத்திரி படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

இப்போது புகைக்குப் பதில் வெந்நீர். பால்கனியில் கேஸ் பாய்லர். தரையில் கான்கிரீட், அதன்மேல் வெப்பம் கீழே இறங்காமல் தடுக்க ஒரு அடுக்கு, அதற்குமேல் சாண் இடைவெளியில் பாம்புபோல வளைந்தோடும் பிளாஸ்டிக் குழாய், எல்லாவற்றையும் மூடி சிமெண்ட் பூச்சு. ஒவ்வொரு அறைக்கும் தனி வால்வு. எங்கள் வீட்டில் அது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. வெந்நீர் சுற்றிவந்து ஆறித் திரும்பும், மறுபடி சூடாகும். தரை முழுக்கவே அடுப்பு என்பதால் தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை, 40, 50 டிகிரி போதும். தரையிலிருந்து வரும் வெப்பம் சுவரையும் நாற்காலியையும் நம்மையும் நேராகவே தொடுகிறது. காற்றை ஊதி விரட்டுகிற வேலை இல்லாததால் தூசியும் பறப்பதில்லை. கால் கதகதப்பாகவும் தலை குளுமையாகவும் இருக்கும்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த கூத்தைக் கேள். சிக்கனம் என்று நினைத்து, வெளியே போகும்போதெல்லாம் பாய்லரை அணைத்துவிட்டுப் போவேன். சிமெண்ட் ஆறிப்போனால் லேசில் சூடாகாது. திரும்பி வந்து முழுவேகத்தில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பேன். பில்லும் குறையவில்லை. அது போதாதென்று, தரை வெறிச்சென்று இருக்கிறதே என்று பவானி ஜமக்காளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அதற்குமேல் கனத்த கம்பளம் ஒன்றையும் போட்டேன். அடியில் தரை கொதிக்கிறது, மேலே நான் நடுங்குகிறேன். பாட்டி வந்து பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது ராத்திரியும் பகலும் குறைந்த சூட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சோற்றுக் கிண்ணத்தின் இடத்தில் இப்போது என் இட்லி மாவு. ஒரு போர்வையைச் சுற்றி வைத்தால் விடிவதற்குள் பொங்கிவிடும். பாட்டிகூட முடை நாற்றம் அடிக்கும் சோயாவை இதே மாதிரிதான் புளிக்க வைப்பார். அந்த வாடைக்கு என் மாவு எவ்வளவோ தேவலை!

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் ஜப்பானில் ஒரு கொரிய அறையில் இந்தச் சூட்டை அனுபவித்து அசந்துபோனார். பிறகு அமெரிக்காவில் அவர் கட்டி 1937-இல் முடிந்த ஜேக்கப்ஸ் வீட்டில் தரைக்கடியில் குழாய் பதித்தார். அதனால் உங்கள் பக்கத்துக்கு இது புதிதில்லை.

உன் பேஸ்மெண்ட்டில் போடலாமா என்று கேட்டாயே. போடலாம். ஆனால் பழைய கான்கிரீட்டின்மேல் வெப்பத்தடுப்பு இல்லாமல் குழாய் பதித்தால் மண்ணுக்குத்தான் குளிர் விடும், உனக்கு இல்லை. எல்லா அடுக்கும் சேர்ந்தால் தரை சில அங்குலம் உயரும். கதவு திறக்குமா, தலை இடிக்குமா என்று பார்த்துக்கொள். குளியலறை மட்டும் என்றால் டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி விரிப்பு போதும். வீடு முழுக்க அதைப் போட்டால் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவாய்.

பேஸ்மெண்ட் உயரத்தை அளந்து எழுது, மீதியை அப்புறம் பேசுவோம். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
சித்ரா