710 என்று எழுதிக் கொடுத்துவிட்டு மரத்தூள் பலகையை மாட்டியிருக்கிறீர்கள்

வணக்கம்.

பில், கொட்டேஷன், போட்டோக்கள் எல்லாவற்றையும் இந்த மெயிலோடு இணைத்திருக்கிறேன். அதனால் தயவுசெய்து "உங்கள் ஆர்டர் விவரங்களைப் பகிரவும்" என்று மறுபடியும் ஒரு பதில் போட வேண்டாம். மனிதர் யாராவது படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் செய்து கொடுத்த மாடுலர் கிச்சனில் சிங்க்குக்குக் கீழே இருக்கும் பெட்டி ஊதிவிட்டது. அடிப்பலகை நடுவில் மேடு தட்டியிருக்கிறது, பக்கப் பலகை கீழ் விளிம்பில் வாய் பிளந்து, ஒட்டியிருந்த பட்டை உரிந்து தொங்குகிறது, கதவு சாத்தினால் பாதியிலேயே முட்டி நிற்கிறது. கார்த்திகையில் மாட்டிவிட்டுப் போனீர்கள், தை பிறப்பதற்குள் இந்த நிலைமை.

இதற்கு உங்கள் கஸ்டமர் கேர் கொடுத்த பதில்: "தண்ணீர் பட்டதால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது." சிங்க்குக்கு அடியில் தண்ணீர் படாமல் வேறு என்ன படும்? குழாய் ஒழுகுகிறதா என்று பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று, எந்த ஜாயிண்டிலும் கசிவு இல்லை. பாத்திரம் கழுவும்போது ஓரத்தில் வழிகிற தண்ணீரும், உள்ளே வைத்த ஈரத் துணியும்தான். அதைத் தாங்காத பெட்டியைச் சமையலறைக்கு என்று விற்கவே கூடாது.

ஆனால் நான் வாரண்டிக்காகச் சண்டை போட வரவில்லை. என் கேள்வி பலகையைப் பற்றியது. கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "கார்கஸ்: 18 எம்எம் பிடபிள்யூபி மரைன் பிளை, ஐஎஸ் 710" என்று நீங்களே டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதாவது பெட்டியின் உடல் முழுக்க, கொதிநீரையும் தாங்கும் பிளைவுட்; 710 என்பது அதற்கான இந்தியத் தர எண். மொத்தம் 2,85,000 ரூபாய் சொன்னபோது என் வீட்டுக்காரர் தயங்கினார். அப்போது உங்கள் மதுரை ஷோரூமில் இருந்த தம்பி, ஒரு கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பிளைவுட் துண்டைக் காட்டி, "சார், இது மாசக்கணக்கா உள்ளேயே கிடக்கு, ஒண்ணும் ஆகல பாருங்க" என்றார். அந்தத் துண்டை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுத்தோம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஆட்கள் சிங்க்கின் கழிவுநீர்க் குழாய் போவதற்காகப் பலகையில் வட்டமாகத் துளை போட்டார்கள். வெட்டி விழுந்த அந்த வட்டத்தைக் குப்பையில் போடாமல், சூடான பாத்திரம் இறக்கி வைக்க உதவுமே என்று எடுத்து வைத்திருந்தேன். பெட்டி ஊதிய பிறகு எங்கள் தெரு ஆசாரியிடம் அதைக் காட்டினேன். அவர் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, இது பிளைவுட்டே இல்ல, தூளை அமுக்கி வச்சிருக்கான்" என்றார். பிளைவுட் என்றால் விளிம்பில் அடுக்கடுக்காக வரி தெரிய வேண்டும். இதில் ஒரு வரியும் இல்லை, பொடிப்பொடியாகச் சிராய்தான். மேலேயும் கீழேயும் வெள்ளை லேமினேட் ஒட்டி, ஓரத்தில் பட்டை போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? குழாய்த் துளையில் மட்டும் பட்டை ஒட்ட முடியவில்லை, அங்கேதான் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஈரமும் அந்த வழியாகத்தான் ஏறியிருக்கிறது.

சரி, ஆசாரி சொல்வது மட்டும் போதாது, நாமும் பார்த்துவிடுவோம் என்று அந்த வட்டத்தை இரண்டாக அறுக்கச் சொல்லி, ஒரு பாதியைப் பழைய அலுமினியச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஐஎஸ் 710 பலகைக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்களாம், அதில் அடுக்குகள் விட்டுப் போகக் கூடாது. அதற்காகத்தான் பீனால் பசை போட்டு ஒட்டுகிறார்கள். உங்கள் பலகைக்கு அவ்வளவு நேரமெல்லாம் தேவைப்படவில்லை. சாதம் வடிக்கிற நேரத்தில் இரண்டு மடங்கு தடித்து, கரண்டியால் தூக்கினால் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி பாதி சட்டியிலேயே விழுந்துவிட்டது. லேமினேட் தகடு மட்டும் கரண்டியில் தொங்கியது. வீடியோ இணைத்திருக்கிறேன். சட்டியில் இருந்து வந்த வாடை கூடத்தை விட்டுப் போகவே சாயங்காலம் ஆகிவிட்டது, அது தனிக் கதை.

மீதிப் பாதியைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி பத்திரமாக வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சிங்க் பெட்டி மட்டும்தான் இப்படி என்றும் சொல்லிவிடாதீர்கள். கிரைண்டர் நிற்கும் பெட்டியிலும் அடுப்புக்குக் கீழே உள்ள பெட்டியிலும் கீல் ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தார் ஆசாரி. துளையிலிருந்து அதே தூள்தான் கொட்டியது. உண்மையான 710 பலகையில் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் எண், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் தயாரித்தவர் யார் என்று காட்டிவிடும். அதை அனுப்புங்கள் என்று உங்களிடம் கேட்டேன். "டெக்னிக்கல் டீமிடம் சொல்லியிருக்கிறோம்" என்றீர்கள். அப்புறம் சத்தமே இல்லை. புகார் தீர்க்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் மட்டும் வந்தது, கூடவே சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்ற கேள்வியும்.

சர்வீஸ் ஆள் வரவேண்டும் என்று கேட்டதற்கு, கோவில்பட்டி எங்கள் சர்வீஸ் ஏரியாவில் இல்லை என்கிறீர்கள். அளவெடுக்க ஆள் வந்தார், சாமான் வண்டி வந்தது, கடைசித் தவணை வாங்கவும் ஆள் வந்தார். காசு வாங்கும் வரைக்கும் மதுரைக்குப் பக்கத்தில் இருந்த ஊர், ரிப்பேர் என்றதும் எப்படித் தூரமாகிவிட்டது? சின்ன ஊர்க்காரர்கள் நாலு தடவை போன் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுவார்கள் என்று நினைத்தால் அது வேறு வீடு.

எங்கள் பழைய சமையலறையில் கடப்பா கல் ஷெல்ஃப்தான் இருந்தது. பார்க்க அழகில்லை, ஆனால் எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் துடைத்துவிட்டால் தீர்ந்தது. அதை உடைத்த நாளிலிருந்து உங்கள் பெட்டிகள் வந்து சேரும் வரை முன் வராந்தாவில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்தேன். கிரைண்டர் படுக்கையறையில் ஓடியது. அரிசி மூட்டைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் நடுவில்தான் சாப்பாடு. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டு, இன்றைக்கு என்ன குழம்பு என்பதையும் தெரிந்துகொண்டு போவார்கள். வீட்டு வேலை என்றால் அப்படித்தான், அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. பொருத்த வந்த பையன்களையும் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள், மதியம் எங்களோடுதான் சாப்பிட்டார்கள், கொடுத்த பலகையை ஒழுங்காகத்தான் மாட்டினார்கள். கொடுத்து அனுப்பியவர்களைத்தான் கேட்கிறேன்.

இவ்வளவு அவசரப்பட்டதே தை மாதம் மகளுக்கு வளைகாப்பு என்பதால்தான். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் என்று கலந்த சாதம் எல்லாவற்றையும் புது அடுப்பங்கரையில் நானே கிண்ட வேண்டும் என்று ஆசை. கிண்டினேன். ஆனால் கை கழுவப் போன சம்பந்தியம்மா, செல்லோ டேப் போட்டு ஒட்டி வைத்திருந்த கதவைக் குனிந்து பார்த்துவிட்டு, "புதுசுன்னு சொன்னீங்களே மதினி" என்றார். நான் என்ன சொல்ல?

இப்போது எனக்கு வேண்டியது. கீழ்ப் பெட்டிகள் அனைத்தையும், சிங்க் பெட்டியை மட்டுமல்ல, கொட்டேஷனில் எழுதியபடி ஐஎஸ் 710 பலகையில் செய்து மாற்றிக் கொடுங்கள். லேமினேட் ஒட்டுவதற்கு முன்பு முத்திரை தெரிகிற மாதிரி பலகையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பெட்டிகளின் மேல் கிரானைட் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தூக்கும்போது கீறல் விட்டாலோ உடைந்தாலோ புதுக் கல்லும் கொத்தனார் கூலியும் உங்கள் பொறுப்பு, அதை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். இது முடியாது என்றால் உங்கள் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். "அடுத்த ஆர்டரில் 10 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு கூப்பன் அனுப்பியிருந்தீர்கள், அது எனக்கு வேண்டாம்.

இந்த மெயில் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன், அதற்கும் அசையாவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பொருளின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. கவரில் போட்டு வைத்திருக்கும் அந்தப் பாதி வட்டம் அதற்குத்தான்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே போன் செய்துவிட்டு, காலை 10 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் விடும் நாளாக இருந்தால் அதற்கு முன்பு வாசலில் குடமும் ஹோஸுமாகத்தான் இருக்கும், வண்டி உள்ளே வராது. வருகிறவர் அளவு நாடா மட்டும் கொண்டுவந்தால் போதாது, முடிவெடுக்கிற அதிகாரத்தோடு வர வேண்டும்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வாடிக்கையாளர்