உன் வீட்டு மணல்

பருத்தித்துறை

அன்புள்ள வசந்தி,

இவ்வளவு நாளும் பதில் போடாததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ நம்பமாட்டாய். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உன் 'சின்ன மாமி' இப்போதும் அதே குடையோடுதான் கோயிலுக்கு வருகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி கட்டுவிக்கிற வீட்டைப் பார்க்கப் போனேன். அத்திவாரம் போட்டாயிற்று. வாசலில் மணல் குவித்திருந்தது. அள்ளிப் பார்த்தால் அரித்த மா மாதிரி மெல்லிய வெள்ளை மணல், அதற்குள் கடற்கரை மணலில் படருமே, அந்த அடம்பன் கொடியின் காய்ந்த துண்டு ஒன்று. எங்கே ஏற்றியது என்று டிப்பர்க்காரப் பெடியனைக் கேட்டேன். "அங்காலை, குடத்தனைப் பக்கம் ரீச்சர்" என்றவன், போனைக் காதில் வைத்தபடி நழுவிவிட்டான். பெர்மிட் எங்கே என்று கேட்டதில் உன் தம்பிக்கு என்மேல் கோபம்.

எடியே, அது மணற்காட்டுக் கடற்கரை மணல்மேடடி! பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் புதைந்து நிற்குமே, நீ சறுக்கி விழுந்து பாவாடை கிழித்த இடம். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவளும் நீதான். அந்தக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வரும், புல்லில் பட்டு வேகம் குறையும், மணலைப் போட்டுவிடும். புதையப் புதைய இராவணன் மீசை மேலே வளரும். ஒரு இடத்தில் வெட்டிவிட்டால் காற்று அந்த வாய்க்குள் புகுந்து மிச்சத்தையும் ஊருக்குள் கொண்டுவந்து கொட்டும். மாரித் தண்ணீரைக் குடித்து, உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீரைத் தாங்கி வைத்திருப்பதும் அந்த மேடுதான். அது போனால் கிணறு உவர்க்கும்.

2004 சுனாமியில் வடமராட்சி கிழக்கில் எத்தனை பேரைக் கொடுத்தோம்! அன்றைக்குத் தெற்கே யாலப் பக்கத்தில், கடல் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த மணல்மேட்டைக் குறைத்த ஒரு விடுதி அழிந்தே போனது. இதை வாசித்த நாளிலிருந்து டிப்பரைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

வெட்டிய வாயை அடைக்கலாம், பெரிய செலவும் இல்லை. பனையோலையை இடைவெளி விட்டு வேலியாக நட வேண்டும். பாதிக் காற்று ஊடாகப் போகவேண்டும். நெருக்கி அடைத்தால் சுழன்று வேலியின் அடியையே தோண்டிவிடும். மணல் சேர்ந்த பிறகு, மாரி தொடங்க, அடம்பன் கொடியைக் கணுவோடு வெட்டிப் புதைத்தால் வேர் விடும். ஆனால் இங்கே மரநடுகை என்றாலே சவுக்குத்தான், படத்துக்கு நல்லாயிருக்குமாம். சவுக்கு காற்றை மறிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதன் சருகுக்குக் கீழே கொடியும் புல்லும் தலைகாட்டுவதில்லையே. இதைச் சொன்னால் ரீச்சருக்கு விசர் என்கிறார்கள். நீயும் சொல்லுவாய், சொல்லு.

ஆனால் தம்பிக்கு உடனே போன் எடு. நான் சொன்னால் கேட்கமாட்டான், காசு அனுப்புகிறவள் நீ. அந்த மெல்லிய மணல் கொங்கிறீட்டுக்கும் நல்லதல்ல என்று மேசனே என்னிடம் ஒத்துக்கொண்டார். அனுமதியோடு வருகிற ஆற்று மணலை எடுக்கட்டும், இல்லாவிட்டால் கருங்கல் தூள். விலை கூடத்தான். கனடாக்காரி வீடு என்று ஊருக்குக் காட்ட அவன் திட்டம் போட்டிருக்கிற ஆறடி மதிலை நாலடியாக்கினால் கணக்குச் சரிவரும்.

அடுத்த லோட் திங்கட்கிழமையாம். அதற்கு முன்னம் அவனோடு கதை.

அன்புடன்,
மலர்