கையெழுத்துக்கு அடிக்குமுன் பிள்ளையின் கையைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தாலே எங்கள் பாடசாலைகளில் சில பிள்ளைகளின் முகம் வாடிப்போகும். தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தில் நாலு அடி வைக்குமுன் தேசிக்காய் விழுந்துவிடும். வகுப்பிலும் அப்படித்தான், கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிப்பதற்குள் அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துக் கொப்பித்தாள் கிழிந்திருக்கும். வாயால் கேட்டால் அதே பிள்ளை பாடம் முழுவதையும் கடகடவென்று சொல்லும். நாங்களோ சோம்பல், கவனமில்லை என்று சொல்லி இன்னொரு டியூஷனுக்கு அனுப்புகிறோம்.

உண்மையில் இது இயக்க ஒருங்கிணைப்புச் சிக்கலாக இருக்கலாம், அதாவது கை கால் அசைவுகளை ஒழுங்காக இணைத்துச் செய்யச் சிரமப்படுவது. பாடசாலை வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இது இருக்கிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பென்றால் சராசரியாக இரண்டு பேர் இருப்பார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் இது இன்னும் அதிகம். புத்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ கிடையாது, செய்யச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். 'மூவ்மென்ட் ஏபிசி' என்றொரு சோதனை உண்டு. சின்னப் பிள்ளை என்றால் பெட்டித் துளைக்குள் காசு போடுவது, மணி கோர்ப்பது, எறியும் சிறு பையை ஏந்துவது, ஒற்றைக் காலில் நிற்பது போன்ற வேலைகள்தான், அரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். ஆனால் புள்ளியை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளை எப்படி என்று விசாரிக்க வேண்டும், பார்வைக் குறைபாடோ மூளை முடக்குவாதமோ காரணமில்லை என்று வைத்தியர் பார்க்க வேண்டும். 5 வயதுக்கு முன் பொதுவாக முடிவு சொல்வதும் இல்லை.

இன்னொன்று. அந்தச் சோதனையின் இரண்டாம் பதிப்புக்கான புள்ளி அளவுகள் பிரித்தானியப் பிள்ளைகளை வைத்துப் போட்டவை. எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரையிலோ படுவான்கரையிலோ முதலாம் தரத்துக்கு வந்த பிறகே கத்தரிக்கோலைப் பிடிக்கிற பிள்ளையை அதே அளவால் அளந்தால், பழக்கமில்லாததும் குறைபாடாகத் தெரியும். சட்டைப் பொத்தானைத் தானே பூட்டுகிறதா, சோற்றைச் சிந்தாமல் அள்ளிச் சாப்பிடுகிறதா, சைக்கிள் பழகியதா என்று தாய் தகப்பனிடம் கேட்டால் நிறையத் தெரியவரும்.

கூலி வேலைக்குப் போகும் தாய் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது லேசான காரியமில்லை. ஆகவே வலயக் கல்வி அலுவலகங்கள் தரம் 1, 2 ஆசிரியர்களுக்கு இதைக் கவனிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். சந்தேகமுள்ள பிள்ளைகளைப் பார்க்க ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவர் தவணைக்கு ஒருமுறையாவது பாடசாலைக்கே வர ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, கையெழுத்து சரியில்லை என்று அடிப்பதையும் புள்ளி வெட்டுவதையும் நிறுத்தச் சொல்லி எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரு கடிதமாவது அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.